ஐ.நா. குற்றத் தடுப்பு ஆணையத்தில் மதுரைப் பக்கத்துச் சிறிய சங்கம் பேச வழி உண்டா?

அழகர்மலை அடிவாரம் கேட்டது:

வணக்கம் தோழர்களே. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஒன்றியங்களில் வேலை செய்யும் சங்கம் எங்களுடையது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவாகி நான்கு ஆண்டு ஆகிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட பையன்களின் குடும்பங்களோடு வேலை செய்கிறோம். அனுப்பிய ஏஜென்ட் உள்ளூர்க்காரர், அடைத்து வைத்தவன் வேறு நாட்டுக்காரன், ஏமாந்து பணம் கட்டியவர்கள் உலகம் பூராவும். உள்ளூர் ஸ்டேஷனோடு இது முடியாது என்று தெரிகிறது.

ஐ.நா.வில் இதற்கென்று இருக்கும் அமைப்புகளிடம் நேரடியாகப் பேச என்ன வழி? "ஐ.நா. அங்கீகாரம் வாங்கித் தருகிறோம், இரண்டு லட்சம் ஆகும்" என்று ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். வெளிநாட்டு நிதி வாங்கலாமா என்பதும் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகை வடகரை எழுதியது:

முதலில் அந்த இரண்டு லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் (ஈகோசாக் என்பார்கள்) தரும் ஆலோசனைத் தகுதிக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. இணையத்தில் நீங்களே நிரப்பலாம். இடைத்தரகர் யாருக்கும் அங்கே வேலை இல்லை.

இனி எந்த வாசல் எதற்கு என்று பார்ப்போம். குற்றத் தடுப்பு மற்றும் குற்றவியல் நீதி ஆணையம் 1992-இல் உருவானது. 40 நாடுகள் உறுப்பினர். வழக்கமாக மே மாதம் வியன்னாவில் கூடும். தீர்மானம் எழுதுவது அரசுகள்தான். ஆலோசனைத் தகுதி உள்ள அமைப்புகள் உட்காரலாம், எழுத்தில் அறிக்கை கொடுக்கலாம், நேரம் இருந்தால் பேசலாம். 1955-இல் ஜெனீவாவில் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் குற்றத் தடுப்பு மாநாடு வேறு. கொரோனாவால் தள்ளிப்போன கியோட்டோ மாநாடு 2021 மார்ச்சில் நடந்தது அந்த வரிசையில்தான். இவை இரண்டையும் சுற்றி இயங்கும் அரசுசாரா அமைப்புகளின் கூட்டணி ஒன்று நியூயார்க்கிலும் வியன்னாவிலும் இருக்கிறது. தனியாகப் போய் நிற்பதைவிட அதன் கூட்டங்களில் இணையவழியில் கேட்டுப் பழகுவது நல்ல தொடக்கம்.

ஆலோசனைத் தகுதிக்கான விதிகள் 1996/31 என்ற தீர்மானத்தில் இருக்கின்றன. பொது, சிறப்பு, பட்டியல் என மூன்று வகை. உங்களுக்குப் பொருந்துவது சிறப்புத் தகுதி. பதிவாகி இரண்டு ஆண்டு முடிந்திருக்க வேண்டும், அது உங்களுக்கு இருக்கிறது. ஜூன் 1-க்குள் விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டு 19 நாடுகள் கொண்ட குழு பரிசீலிக்கும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்தான். சங்க விதிகள், பதிவுச் சான்றிதழ், தணிக்கையான கணக்கு எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது இதற்குப் பிறகு. குழுவில் எந்த ஒரு நாடு கேள்வி கேட்டாலும் விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குத் தள்ளப்படலாம். சர்வதேச தலித் ஒற்றுமை வலையமைப்பு 2008-இல் விண்ணப்பித்து, கேள்வி மேல் கேள்விக்குப் பதில் எழுதி, 2022 டிசம்பரில்தான் தகுதி பெற்றது. சின்னக் காரணங்களும் உண்டு. சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறு எழுத்துக்கூட்டல், இணையதளத்தில் மூன்றாவது பெயர் என்று இருந்தால் அதுவே ஒரு கேள்வி. இணையதளத்தில் தைவானைத் தனி நாடாகக் குறிப்பிட்டிருந்தால் சீனா திருத்தச் சொல்லும், அதோடு ஓர் அமர்வு போய்விடும். கேட்டதற்குப் பதில் அனுப்பாமலே இருந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள்.

தகுதி கிடைத்த பின்னும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும். தவறினால் முதலில் இடைநிறுத்தம், பிறகு ரத்து. மூன்று பேர் மட்டும் ஓடியாடும் சங்கத்துக்கு இது சுமைதான். அதனால் இப்போதைக்கு இதை இரண்டாவது வேலையாக வையுங்கள் என்பேன்.

ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

வடகரை சார் சொன்னது சரி. நான் முதல் வேலையைச் சொல்கிறேன். வியன்னாவில் காட்டினாலும் டெல்லியில் காட்டினாலும், எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு, ஏஜென்ட் மீது வெறும் மோசடி வழக்கோடு நிறுத்திவிடுவது. பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 318 மட்டும் இருந்தால் அது பணத் தகராறு. வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துச் சமரசம் பேசி முடித்துவிடுவார்கள். ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஆளைச் சேர்த்து, அனுப்பி, சுரண்டலுக்கு ஒப்படைப்பது ஆள்கடத்தல். அது பிஎன்எஸ் 143. ஒருவர் என்றால் குறைந்தது 7 ஆண்டு, ஒருவருக்கு மேல் என்றால் குறைந்தது 10 ஆண்டு. "அவனே விரும்பித்தானே போனான்" என்ற வாதம் செல்லாது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் பழைய ஐபிசி 370. புகார் மனுவிலேயே பாஸ்போர்ட் பிடுங்கியது, வெளியே விடாதது, இலக்கு முடிக்காவிட்டால் அடித்தது, விடுவிக்கப் பணம் கேட்டது ஆகியவற்றைத் தேதியோடு தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். "ஏமாற்றிவிட்டார்" என்று மட்டும் எழுதினால் 318-தான் வரும்.

குற்றம் வெளிநாட்டில் நடந்தது, இங்கே வழக்குப் போட முடியாது என்று ஸ்டேஷனில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆள் சேர்த்ததும் பணம் வாங்கியதும் மேலூரில்தான். எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173. வெளிநாட்டில் நடந்த பகுதிக்கு 208-ஆவது பிரிவில் மத்திய அரசின் முன் அனுமதி தேவைப்படுவது விசாரணை நீதிமன்றக் கட்டத்தில். புலனாய்வுக்கு அது தடையில்லை. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். மேலூரும் உசிலம்பட்டியும் மாவட்ட எஸ்.பி.யின் கீழ், மாநகர் என்றால் கமிஷனர். மனுவைத் தப்பான இடத்துக்கு அனுப்பி வாரக்கணக்கில் தொலைக்க வேண்டாம்.

குடியகல்வுச் சட்டம் 1983-ஐயும் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவு இல்லாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பது 10-ஆவது பிரிவுக்கு விரோதம். இதில் ஒரு நுணுக்கம். அந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர 27-ஆவது பிரிவின்படி மத்திய அரசின் அனுமதி தேவை. ஆனால் போனவரோ அவருடைய தாய், தகப்பன், மனைவி, உடன்பிறந்தவர் போன்றோரோ புகார்தாரராக இருந்தால் அந்த அனுமதி வேண்டாம். ஆகவே சங்கத்தின் லெட்டர்பேடில் புகார் கொடுக்காதீர்கள். அம்மா பெயரில் போகட்டும், நீங்கள் துணைக்கு நில்லுங்கள்.

பத்தாவது பாஸ் ஆன பையன்கள் ஏன் எங்கும் சிக்காமல் போகிறார்கள் என்றும் கேட்கலாம். அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்குக் குடியகல்வு அனுமதி தேவையில்லை. அந்த அனுமதி கேட்கப்படும் 18 நாடுகள் பட்டியலில் தாய்லாந்து இருந்தாலும் அவர்களைக் கட்டுப்படுத்தாது. கம்போடியாவும் மியான்மரும் பட்டியலிலேயே இல்லை. போகும் முன்னரே தடுக்க, ஏஜென்டின் பெயரை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பதிவான ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால் இந்தியாவும் மியான்மரும் அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தில் சேரவில்லை. கம்போடியா சேர்ந்திருக்கிறது, என்றாலும் பொதுமக்கள் மீதான பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதலின் பகுதி என்று காட்டினால்தான் அடிமைப்படுத்தல் அங்கே குற்றமாகும். உங்கள் உழைப்பை அதில் கொட்டாதீர்கள்.

கணக்கு நோட்டு எழுதியது:

நிதி பற்றி மட்டும் சொல்கிறேன். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூடச் சங்கக் கணக்கில் வரக்கூடாது. செயலாளரின் சொந்தக் கணக்குக்கு வரவழைத்துச் செலவு செய்வது இன்னும் மோசம். சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை.

பதிவுக்கு மூன்று ஆண்டு வயதும், கடந்த மூன்று நிதியாண்டில் முக்கியப் பணிகளுக்கு மட்டும் 15 லட்சம் செலவு செய்ததற்கான தணிக்கைக் கணக்கும் வேண்டும். ஆபீஸ் வாடகை, நிர்வாகச் சம்பளம் இதில் சேராது. பெரும்பாலான சின்னச் சங்கங்கள் விழுவது இங்கேதான். வயது இருக்கும், 15 லட்சம் இருக்காது. அவர்களுக்குள்ள வழி முன் அனுமதி: குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட திட்டம் என்று கடிதம் வாங்கி விண்ணப்பிப்பது.

2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் இறங்க வேண்டியது டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில். அங்கிருந்து மதுரைக் கணக்குக்கு மாற்றிச் செலவு செய்யலாம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இன்னொரு சங்கத்துக்கு அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. சென்னையில் இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்கு அனுப்பும் பழைய முறை அதோடு முடிந்தது. யாராவது அப்படிச் செய்யலாம் என்றால் இரண்டு பேருக்கும் ஆபத்து. ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31-க்குள். பணமே வராத ஆண்டுக்கும் பூஜ்ஜியம் போட்டுத் தாக்கல் செய்தாக வேண்டும்.

அழகர்மலை அடிவாரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. சில பையன்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மோசடி செய்ததாக அவர்கள் மீதே வழக்கு வருமோ என்று வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். ஏஜென்ட் தரப்பிலிருந்து வீட்டுக்கு மிரட்டலும் வருகிறது. அவர்களுடைய வாக்குமூலங்களை எப்படிச் சேகரிப்பது? ஆலோசனைத் தகுதி இல்லாமலே ஐ.நா.வுக்கு எதையாவது அனுப்ப முடியுமா?

ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

மிரட்டலுக்குச் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு போட வேண்டும். மிரட்டிய எண், தேதி, நேரம் இல்லாத மனு நிற்காது. ஆள்கடத்தலுக்கு ஆளானவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். முதல் வாக்குமூலத்துக்கு முன்பே அந்த வக்கீல் பக்கத்தில் இருப்பது முக்கியம். கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்காகக் கடத்தப்பட்டவரைத் தண்டிக்கக்கூடாது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2002-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. அது இங்கே தானாகச் செல்லும் சட்டம் அல்ல, வாதத்துக்கு உதவும்.

போனை உடனே வாங்கி ஒதுக்கி வையுங்கள். ஏஜென்டோடு பேசிய வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைத்திருப்பது பலவீனமான சாட்சி. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறித்து, புதிய பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின் சான்றிதழோடு சேர்க்க வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றில் போன்காரர், மற்றதில் நிபுணர் கையெழுத்து. புது போன் வாங்கிவிட்டு பழசை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டால் வழக்கில் பாதி போயிற்று.

வைகை வடகரை எழுதியது:

வாக்குமூலம் பற்றி: ஒரே பையனைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். போலீஸ், பத்திரிகை, சங்கம் என்று ஐந்து பேரிடம் சொன்னால் ஐந்திலும் சின்ன வித்தியாசம் வரும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். சங்கம் முழு வாக்குமூலம் எழுதி வைப்பதைவிட, கால வரிசை அட்டை ஒன்று போதும். எந்தத் தேதி எந்த விமான நிலையம், யார் வந்து கூட்டிப் போனார், எந்த ஆற்றைத் தாண்டினார்கள், கட்டடத்தின் அடையாளம், எந்தக் கணக்குக்கு எவ்வளவு. விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, ஜிபே ரசீது ஒவ்வொன்றையும் அந்தந்த வரிக்கு எதிரே ஒட்டுங்கள். வேறு வேறு ஊர்ப் பையன்களின் அட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் ஒரே கணக்கு எண், ஒரே டிரைவர் என்று தெரியவரும். உங்கள் சங்கத்தால் தர முடிந்த பெரிய பங்களிப்பு அதுதான். அரசிடம்கூடப் பல மாவட்டத் தகவல் ஒரே மேசைக்கு எளிதில் வருவதில்லை.

சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், மூன்றாகப் பிரித்து: வழக்குக்குப் பயன்படுத்தலாமா, பெயர் இல்லாமல் அறிக்கையில் சேர்க்கலாமா, ஐ.நா.வுக்குப் பெயரோடு அனுப்பலாமா. மூன்றுக்கும் ஒரே கையெழுத்து வாங்குவது தப்பு.

தகுதி இல்லாமல் திறந்திருக்கும் வாசல், ஆள்கடத்தல் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர், அதாவது ஐ.நா. மனித உரிமை மன்றம் நியமிக்கும் தனி நிபுணர். படிவம் இணையத்தில் இருக்கிறது, செலவு இல்லை. அவர் ஏற்றுக்கொண்டால் அரசுக்குக் கடிதம் எழுதுவார். பதிலுக்கு 60 நாள், பிறகு கடிதம் பொதுவில் வெளியாகும். பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்பது அந்த இடத்தில் மிக அவசியம்.

இன்னொன்று பலெர்மோ உடன்படிக்கை, அதாவது நாடுகடந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களுக்கு எதிரானது. 2000-இல் ஏற்கப்பட்டது, 2003-இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2011 மே மாதத்தில் உறுதிப்படுத்தியது. அதன் மாநாடு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வியன்னாவில் கூடும். ஆலோசனைத் தகுதி இல்லாத அமைப்புகளும் பார்வையாளராக விண்ணப்பிக்கலாம். பட்டியலைக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக நாடுகளுக்குச் சுற்றுக்கு விடுவார்கள், ஆட்சேபணை வராவிட்டால் அனுமதி. நாடுகள் உடன்படிக்கையை எப்படி நிறைவேற்றுகின்றன என்று பார்க்க 2020-இல் தொடங்கிய மறுஆய்வு முறையில் அரசுசாரா அமைப்புகளோடு தனிக் கலந்துரையாடலும் உண்டு. அங்கே எந்தக் கூடத்தையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல், 18-ஆவது கூற்றின்படி நாடுகள் ஒன்றுக்கொன்று தரும் பரஸ்பர சட்ட உதவி எங்கே தேங்குகிறது, 25-ஆவது கூற்றின்படி திரும்பி வந்தவருக்கு என்ன உதவி கிடைத்தது என்று கேளுங்கள். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி அடைபட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை எல்லோருக்கும் தெரியும். மேலூரில் பணம் வாங்கிய கணக்கு எண்ணுக்கும் மியாவாடிக் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ணிகளைத்தான் யாரும் கொண்டுவருவதில்லை.

ஆலோசனைத் தகுதி வந்த பிறகு ஆணையத்துக்குத் தரும் எழுத்து அறிக்கை, சிறப்புத் தகுதிக்கு 1,500 சொல் வரை. பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்த 1,500 சொல்லுக்கான சரக்கு, இப்போது நீங்கள் போடும் அட்டைகளிலிருந்துதான் வர வேண்டும்.

அழகர்மலை அடிவாரம் எழுதியது:

சரி தோழர். முதலில் கையில் இருக்கும் குடும்பங்களின் எஃப்.ஐ.ஆர் நகல்களை எடுத்து 143 இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லாதவற்றுக்கு என்ன செய்வது?

ஒத்தக்கடை வக்கீல் எழுதியது:

பிரிவு மாற்ற அறிக்கை தாக்கல் செய்யச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு மனு, நகல் எஸ்.பி.க்கு. அசையாவிட்டால் முதலில் மாஜிஸ்திரேட், அடுத்து உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு சேர்க்க வேண்டுமென்றால் மேல்விசாரணை கேட்டு நிற்க வேண்டியிருக்கும், இழுத்துவிடும்.