புதுப்பிப்பு: சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு அலாரம் போட்டாச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள வீட்டுக்கு, கரண்ட் போனாலும் வேலை செய்யும் திருட்டு அலாரம் எது, யாரை வைத்துப் போடுவது என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பொருத்துபவரிடம் முதலில் பி.எஸ்.ஐ.ஆர்.ஏ. (இங்கே தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. விலை கேட்ட மூன்று பேரில் ஒருவர் எண்ணைத் தரவே இல்லை, அவரை அப்போதே விட்டுவிட்டோம்.

அப்புறம் பேட்டரி. அலாரம் பெட்டிக்குள் இருந்தது சாதாரண 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் (ஈய) பேட்டரி, அடிக்கடி கரண்ட் போனால் முழுசா சார்ஜ் ஏறாமலே சீக்கிரம் செத்துவிடும் என்று இங்கே ஒரு அக்கா எழுதியிருந்தார், அதனால் லித்தியம் போடச் சொன்னேன். மெயின் சுவிட்சை அணைத்து நாலு மணி நேரம் பார்த்தோம், சைரனும் காவல் நிறுவனத்துக்குப் போகும் ரேடியோ சிக்னலும் சரியாக வேலை செய்தன.

எதிர்பாராதது குரங்கு! விடியற்காலையில் மதில்மேல் வரிசையாக நடந்து வரும், வெளி பீம் (கண்ணுக்குத் தெரியாத கதிரை யாராவது மறித்தால் அலாரம் அடிக்கும் கருவி) அலறும், அம்மா பயந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார், காவல் நிறுவன வண்டியும் வந்து நிற்கும். பொருத்தியவரே திரும்ப வந்து பீம்களை மதிலிலிருந்து தள்ளி வைத்து, மேல், கீழ் இரண்டு கதிரும் ஒன்றாக மறைந்தால்தான் அடிக்கும்படி மாற்றினார். மூன்று வாரமாக ஒரு பொய் அலாரம்கூட இல்லை.