‘வுவா வெர்த்’துக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், சனிக்கிழமைக்குள்

துலூஸிலிருந்து (தெற்குப் பிரான்ஸ்), திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமைகளில் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒன்பது பிள்ளைகளோடு ஓலார்க் என்ற சிற்றூரிலிருந்து சேன்-போன் ஊர் வரை சைக்கிளில் போனோம். மஸமேக்கும் பெதார்யூவுக்கும் நடுவே ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, ஏறக்குறைய 80 கி.மீ. தூரத்துக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். ‘பாஸா பாயிஸ்’ என்று பெயர். இப்படிப்பட்ட பாதையைப் பிரெஞ்சில் பொதுவாக ‘வுவா வெர்த்’, அதாவது ‘பச்சை வழி’ என்பார்கள். கார் சத்தம் கிடையாது. டயருக்கு அடியில் பொடிக்கல் நெரிகிற சத்தம் மட்டும்தான்.

இப்போது பிள்ளைகள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் தடுக்கி நின்றது ஒரே சொல்லில். ஒருத்தி ‘பச்சைப் பாதை’ என்று எழுதினாள், ஒருவன் ‘கார் வராத ரோடு’ என்று எழுதினான். மற்றவர்கள் ‘வுவா வெர்த்’ என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆண்டு மலர் சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எனக்கு இரண்டு சொல் வேண்டும்.

ஒன்று, வுவா வெர்த். இது கவிதைப் பெயர் அல்ல. 2004 முதல் பிரெஞ்சுச் சாலை விதிகளில் இதற்கு வரையறை உண்டு. நடப்பவர், சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வண்டியில் போகிறவர், குதிரையில் போகிறவர் இவர்களுக்கு மட்டுமான வழி. நீலச் சதுரப் பலகை வைத்து அடையாளம் காட்டுவார்கள்.

இரண்டு, தார் போடாமல் நுண்கல்லை இறுக்கிப் போட்ட தரை. அதற்கென்று வந்திருக்கிற அகல டயர் சைக்கிளைப் பிரெஞ்சுக்காரர்களும் ‘கிராவெல்’ என்றுதான் சொல்கிறார்கள்.

* * *

சென்னையிலிருந்து

‘பசுமைவழி’. நேர்ப்பொருள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

* * *

சேலத்திலிருந்து

யோசிக்க இருக்கிறது. எங்கள் ஊரில் ‘பசுமைவழிச் சாலை’ என்று சொல்லிப் பாருங்கள். 2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு வயலில் கல் நட்டதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். கார் நுழைய முடியாத வழிக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னையிலும் ஒரு பசுமைவழிச் சாலை இருக்கிறது, அதில் பகல் முழுக்க வண்டிகள்.

* * *

தஞ்சையிலிருந்து

‘பசுவழி’ என்று சுருக்கலாமே என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். அது மாடு போகும் வழி. நன்னூல் சொன்ன ஈறு போதலும் இனம் மிகலும் இங்கே துணைக்கு வரும். பின்னால் வருவது ‘தடம்’ என்றால் பசுமை + தடம் = பசுந்தடம். அடி அகரம் ஐ ஆனால் பைந்தடம்.

ஆனால் என் பரிந்துரை அது அல்ல. சிறுகல்லுக்குப் ‘பரல்’ என்று நம்மிடம் சங்கச் சொல் இருக்கிறது. சிலம்புக்குள் கிடப்பதும் பரல், காட்டுவழியில் காலில் உறுத்துவதும் பரல். வழிக்கு ‘அதர்’. கண்ணகியின் மெல்லடி கடக்க வேண்டியிருந்தது கல்லதர். ஆகவே ‘பரலதர்’. ஐந்து எழுத்தில் தரையும் வழியும் இரண்டும் வந்துவிட்டன.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து

ரீச்சருக்கு வணக்கம்.

பரலதர் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் பாலைத் திணையில் பரலும் அதரும் வந்தால் வெயில், கள்வர், பிரிவு எல்லாம் கூடவே வரும். ரீச்சரின் பிள்ளைகள் போனது செஸ்நட் மர நிழலில். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை விளக்க இன்னொரு கட்டுரை எழுத வேண்டும்.

எங்கள் பக்கம் ‘கிரவல் வீதி’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். பத்திரிகையில் வரும், பிரதேச சபை அறிவித்தலில் வரும். இது போதாதா?

* * *

கோவையிலிருந்து

அம்மணிக்கு வணக்கம்.

பரல், கிரவல் எல்லாம் இருக்கட்டும். ‘இட்டேரி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? கொங்குநாட்டில் இரண்டு தோட்டத்து வேலிக்கு நடுவில் போகிற தடம் அது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, அதன்மேல் கோவைக்கொடி, பிரண்டை. நடுவில் வண்டிச்சக்கரம் பதிந்த இரண்டு கோடு, அந்தக் கோடுகளுக்கு நடுவே புல். எங்கள் ஐயனோடு விடியற்காலையில் இட்டேரியில் நடந்தால் செருப்பு பனியில் நனைந்துவிடும். அணிலும் கௌதாரியும் அந்த வேலியை நம்பித்தான் இருந்தன. நிலத்தை விற்றுக் கல்வேலி போட்டதில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு சொல் சாகாமல் இருக்க அதற்குப் பிரான்சில் வேலை கிடைக்கிறது என்றால் கொடுப்போமே.

* * *

மதுரையிலிருந்து (சாலைப் பொறியாளர், ஓய்வு)

மூன்று பொருளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம்.

உடைத்த பெருங்கல்லை உருளை போட்டு இறுக்கினால் அது கப்பிச் சாலை. செம்மண்ணோடு கலந்து தோண்டி எடுப்பது சரளை. இதைத்தான் இங்கேயும் ‘கிராவல்’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் குறில், எங்களிடம் நெடில், அவ்வளவுதான் வேறுபாடு. துலூஸ் அம்மா சொல்வது மூன்றாவது. நுண்கல்லையும் கல்தூளையும் ஈரமாக்கி இறுக்கிய தளம். மழை பெய்தால் வெளுத்த குழம்பாகச் சங்கிலியில் ஒட்டும், காய்ந்தால் சுண்ணாம்புப் பொடி. பேச்சுவழக்கில் இதையும் சரளை என்று சொல்வதில் தவறு இல்லை.

ஆனால் தரையையும் உரிமையையும் ஒரே சொல்லில் கட்டாதீர்கள். பிரான்சின் முதல் வுவா வெர்த் 1997-இல் பர்கண்டியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே திறந்தது. 44 கி.மீ., அதுவும் பழைய ரயில்பாதை, ஆனால் தார் போட்டது. மறுபக்கம், நாந்த்–பிரெஸ்த் கால்வாய்க் கரைவழி பெரும்பாலும் நுண்கல் தரை. அதில் ரயில் ஓடியதே இல்லை. படகை இழுத்த குதிரைகள் நடந்த கரை. ‘பரலதர்’ என்றால் ஜிவ்ரிப் பாதை வெளியே போய்விடும். ‘இட்டேரி’ என்றால் கால்வாய்க்கரை போய்விடும்.

ரயில் தடம் என்பதால் ஏற்றம் மெதுவாக இருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதற்காக வெட்டிய மலையிலும் கட்டிய பாலத்திலும்தான் அவர்கள் இன்று மூச்சு வாங்காமல் போகிறார்கள்.

* * *

புதுச்சேரியிலிருந்து

பொறியாளர் ஐயா சொன்னது சரி. ஆனால் ‘கிராவல்’ அந்நியச் சொல் என்று தஞ்சை நண்பர் தள்ளிவிடுவதற்கு முன் அதன் பயணத்தையும் பார்க்க வேண்டும். பழைய பிரெஞ்சில் ‘கிராவ்’ என்றால் மணலும் கல்லும் கிடக்கும் கரை. அதன் சிறுமை வடிவம் ‘கிராவெல்’. அதுதான் ஆங்கிலத்துக்குப் போனது. இப்போது சைக்கிளில் ஏறித் தாய்வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. போர்தோ பக்கம் ‘கிராவ்’ என்று திராட்சை மது விளையும் வட்டாரம் உண்டு. அந்தப் பெயர் அங்குள்ள கல்மண்ணிலிருந்து வந்தது. அதே வேரில் ‘கிரேவ்’. பாரிஸில் சேன் நதிக்கரையில், இன்று நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கும் சதுக்கத்துக்கு அந்தக் காலத்தில் கிரேவ் சதுக்கம் என்று பெயர். வேலை தேடுவோர் அங்கே கூடுவார்கள். அதிலிருந்துதான் பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கே ‘கிரேவ்’ என்ற பெயர் வந்தது.

நம் ‘சரளை’யும் சரசர என்ற ஒலியிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

* * *

தஞ்சையிலிருந்து

சரளைக்குச் சொன்ன மூலத்துக்குச் சான்று தேவை. ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது.

‘தடம்’ பற்றியும் ஒன்று. ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்கிறது தொல்காப்பியம். தட என்பது கோட்டம், அதாவது வளைவு என்ற பொருளும் தரும் என்று தொடர்கிறது. தடம் என்றால் குளமும் ஆகும். இத்தனை பொருள் சுமக்கும் சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா? ‘ஆறு’ என்றால் வழிதானே, ஆற்றுப்படை தெரியாதவர்களா நாம்? ‘பசியாறு’ ஆகாது, ஆனால் ‘பசுமையாறு’ ஆகுமே.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து

கால்வாய்க் கரையில் போகிற பாதைக்கு ‘ஆறு’ என்று பெயர் வைத்தால் பிள்ளை தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

தடம் வளைவு என்றால் நல்லதுதானே, ரயில்பாதை வளைந்துதானே போகிறது. அப்புறம், ‘வாகனமில்லா வழி’, ‘போக்குவரத்தற்ற பாதை’ என்று எனக்குத் தனிமடலில் வந்த இரண்டும் வேண்டாம். சைக்கிளும் வாகனம், குதிரையும் வாகனம். போக்குவரத்து அற்ற பாதை என்றால் ஆள் நடமாட்டமே இல்லாத பாதை. விலக்குவது மோட்டாரை மட்டும்தான். அதை விளக்கத்தில் ‘மோட்டார் வண்டி நுழையாத’ என்று நேராகச் சொல்லிவிடலாம். சைக்கிளா, மிதிவண்டியா, துவிச்சக்கர வண்டியா, ஈருருளியா என்ற பேச்சை இந்த இழையில் தொடங்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

* * *

துலூஸிலிருந்து, வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை இரண்டு பெரிய பிள்ளைகளிடம் மூன்று சொல்லை வாசித்துக் காட்டினேன். பரலதரைச் சரியாக உச்சரித்தார்கள், பொருள் கேட்டார்கள். இட்டேரியில் ‘இட்டது யார்?’ என்றார்கள். பசுந்தடத்தைக் கேட்டதும் மூத்தவள் தானாகவே, “பழைய ரயில் போன தடம், இப்போது பச்சையாக இருக்கிறது” என்றாள். நான் விளக்கவில்லை.

எனவே மலரில் வுவா வெர்த்துக்குப் ‘பசுந்தடம்’. அடியில் ஒரு வரி: ‘நடப்போர், சைக்கிளில் போவோர், குதிரையில் போவோர்க்கு உரியது, மோட்டார் வண்டி நுழையாதது.’ தரைக்குச் ‘சரளைத் தரை’. ஈழத்துப் பெற்றோருக்காகக் ‘கிரவல்’ என்ற சொல்லும் பக்கத்தில் இருக்கும். சென்னை, சேலம், மதுரை, யாழ்ப்பாணம், புதுச்சேரி ஐந்தும் சரி என்று எழுதிவிட்டன.

* * *

தஞ்சையிலிருந்து

என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பில் பைந்தடத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

* * *

கோவையிலிருந்து

நானும் ஒப்பவில்லை அம்மணி, ஆனால் மலர் நிற்க வேண்டாம். ஒரே ஒரு உதவி. அந்த ஓலார்க் பாதையில் இரண்டு பக்கமும் வேலிபோலச் செடி இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். என்ன செடி என்று பார்க்க வேண்டும்.