'நச்சுநீக்கம்' வேண்டாம், 'நச்சுக்கட்டல்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> எரியுலைச் சாம்பலைப் புதைக்கும் முன் பக்குவம் செய்வதற்கு 'நச்சுநீக்கம்' என்ற சொல்லே போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். கழிவு எரியுலையின் புகைவடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலில் காரீயம், காட்மியம், துத்தநாகம் எல்லாம் இருக்கும். இவை தனிமங்கள், ரசாயனம் எதைச் சேர்த்தாலும் அழியாது. பாஸ்பேட் சேர்த்தால் காரீயம் நீரில் எளிதில் கரையாத உப்பாக மாறி அங்கேயே கிடக்கும், அவ்வளவுதான். 'நீக்கம்' என்று எழுதிவிட்டால், புதைத்த குழியை இனிக் கண்காணிக்கவே தேவையில்லை என்று படிப்பவர் நம்பிவிடுவார். அதுதான் என் கவலை.

'கெட்டிப்படுத்தல்' என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். அது வேறு வேலை. சிமெண்ட் கலந்து இறுகிய சாம்பல் கட்டியைக் கையில் எடுத்தால் கல் மாதிரிதான் இருக்கும். ஆனால் அமெரிக்கக் கசிவுச் சோதனையில் அதை 9.5 மில்லிமீட்டருக்குள் உடைத்து, 20 மடங்கு எடையுள்ள நீர்த்த அசிட்டிக் அமிலத்தோடு புட்டியில் அடைத்து, 18 மணி நேரம் சுழற்றுவார்கள். வடித்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் காரீயம் இருந்தாலே அது அபாயக் கழிவு. கல்லாக இறுகியது இதில் தோற்கலாம், தூளாகவே இருப்பது தேறலாம். சாம்பலில் சுண்ணாம்பு அளவுக்கு மீறிப்போனால், அந்தக் காரத்திலேயே காரீயம் மறுபடி கரையவும் செய்யும்.

சரி, என் பரிந்துரை 'நச்சுக்கட்டல்'. சித்த மருத்துவத்தில் 'ரசக்கட்டு' என்கிறோமே, அதே கட்டு. ஓடித்திரியும் பாதரசத்தை ஓடாமல் நிறுத்துகிறார்கள், பாதரசம் எங்கும் போய்விடுவதில்லை. சாம்பலிலும் நடப்பது இதுதான். இன்னொரு வசதி, இந்தச் சொல் வினையாகவும் வளைந்து கொடுக்கும்: நச்சுக்கட்டிய சாம்பல், நச்சுக்கட்டாத சாம்பல், கட்டு அவிழ்ந்த சாம்பல். அமில மழைநீர் இறங்கி உலோகம் மறுபடி கசிவதைச் சொல்ல அந்தக் கடைசித் தொடர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! 'நிலைப்படுத்தல்' நல்ல சொல்தான், ஆனால் எதை நிலைப்படுத்துகிறோம் என்பது அதில் தெரிவதில்லை.

1,300 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கிக் கண்ணாடியாக்கும் முறையில் சாம்பலில் உள்ள டயாக்சின் என்ற நச்சுச் சேர்மம் உண்மையிலேயே சிதைந்துபோகிறது. அந்த ஒரு பகுதிக்கு 'நச்சுநீக்கம்' இருக்கட்டும்.

அப்புறம், சேர்க்கிற பாஸ்பேட் போன்றவற்றைக் 'கட்டுப்பொருள்' எனலாமா? சிமெண்டையும் சிலர் அப்படி அழைப்பதால் எனக்குத் தயக்கம் இருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.