மாலை போட்ட மூன்றாம் நாள்

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் குடியை விட நினைப்பவர்கள் முதலில் மாலை போடத்தான் நினைப்பார்கள். ஐயப்பனுக்கோ திருச்செந்தூர் முருகனுக்கோ போட்டால் அன்றோடு நின்றுவிடும் என்பார்கள். பலருக்கு நின்றும் இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்காக விடிந்ததும் குடிக்கிற ஆள் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பெரிய மாமா விஷயத்தில்தான் எங்கள் குடும்பத்துக்கு அது தெரிந்தது.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டார். முதல் நாளே கை நடுக்கம், வேர்வை, தூக்கம் இல்லை. "விரதம் புதுசுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, சுவர் முழுக்க எறும்பு ஊருது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றும் இல்லை. போர்வையிலிருந்து இல்லாத நூலை உருவி உருவி விரலில் சுற்றினார். அத்தையைப் பார்த்து "யாரும்மா நீ?" என்று கேட்டதும் வீடே அழுதது.

சாமி குத்தம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் கோடாங்கியைக் கூப்பிடக் கிளம்பினார். இன்னொருவர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினால் தெளிந்துவிடும் என்றார். பக்கத்து வீட்டில் நர்ஸ் அக்கா ஒருவர் இருந்ததால் பிழைத்தோம். நாடியைப் பிடித்துப் பார்த்தவர், "அண்ணாச்சியை இப்பவே ஐகிரவுண்டுக்குத் தூக்குங்க" என்று சத்தம் போட்டார்.

ஐகிரவுண்டு என்றால் பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் பொறுமையாக விளக்கினார். மது மூளையை அமுக்கி வைக்கும். அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடும். குடி திடீரென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் இப்படிப் புத்தி பேதலிக்கலாம். மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, நாளாக ஆகக் குறைத்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் போட்டது தயமின் என்ற பி1 ஊசி. சோறு தின்னாமல் குடித்தே கிடப்பவர் உடம்பில் அந்தச் சத்து வற்றியிருக்கும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை இன்னும் கெட்டு, ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். குளுக்கோஸ் யோசனையை நாங்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு மட்டும்தான் தெரிந்தது. குடியை விட்டால் மீளக்கூடிய கட்டம். விடாவிட்டால், அப்புறம் ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுக்கும்வரை பலருக்கு வலியே தெரிவதில்லையாம்.

குடியால் வரும் இன்னொன்று சந்தேக நோய். முக்கூடலில் பீடி சுற்றும் என் சிநேகிதி, கடையில் பீடியைக் கொடுத்துவிட்டு வரக் கொஞ்சம் தாமதமானாலும் "எவன்கூடப் பேசிட்டு வார?" என்று புருஷனிடம் அடி வாங்குவாள். அவர் குடிக்காத நேரத்திலும் அந்தச் சந்தேகம் போகாது. நாள்பட்ட குடியால் இப்படி வருவதுண்டு, இதற்கு வைத்தியம் உண்டு என்று மனநல டாக்டர் சொன்னார். அவருக்கு வைத்தியம் நடந்த காலம் முழுக்க அவள் பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருந்தாள். ரொம்பச் சரியான முடிவு. பொறுத்துப் போ என்று அவளிடம் சொன்ன பெரியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது விட நினைத்தால், கடைசிக் குடிக்கு முன்னாலேயே டாக்டரைப் பாருங்கள். நடுக்கமும் வலிப்பும் முன்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் பண்ணலாம். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது. நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.