ரோஜாப் போர் வில்லாளர்களை 1415-க்கு மாற்றலாமா?

கேள்வி
வணக்கம். 1415 அக்டோபர் 25 அன்று பிரான்சின் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் படையுடன் போரிட்ட ஆங்கில அரசர் ஐந்தாம் ஹென்றியின் படையை 28 மி.மீ. அளவுள்ள சிறு பொம்மை வீரர்களாக உருவாக்கி வருகிறேன். 1455-இல் தொடங்கிய ரோஜாப் போர்களுக்கான (இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்கள்) பிளாஸ்டிக் வில்லாளர்கள் இரண்டு பெட்டி கைவசம் இருக்கின்றன. 40 ஆண்டு இடைவெளிதான் என்பதால், இவற்றையே மாற்றிப் பயன்படுத்த எண்ணுகிறேன். எவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும்? என்ன வண்ணங்கள் பொருந்தும்?

மறுமொழி 1
முதலில் தலையை மாற்றுங்கள். பின்கழுத்தை மூடி வால்போல் நீளும் சாலெட் என்ற தலைக்கவசம் இருந்தால், மற்றதை எவ்வளவு திருத்தினாலும் காலம் பொருந்தாது. சிலருக்குப் பாசினெட் என்ற கூம்பிய தலைக்கவசம் அணிந்த தலைகளையும் சிலருக்கு அகன்ற விளிம்புள்ள இரும்புத் தொப்பிகளையும் பொருத்தலாம். பாசினெட்டின் கீழே தொங்கும் இரும்பு வளையத் திரையை இருபகுதி எபாக்ஸி புட்டியில் (இரண்டையும் கலந்து பிசைந்தால் இறுகும் பசைக்களிமண்) செய்ய வேண்டும். பிசைந்தவுடன் வேலையைத் தொடங்காமல், சற்று இறுகிய பிறகு, ஈரமான ஊசிமுனையால் வரிசை வரிசையாகக் குத்தினால் வளையங்கள் தெளிவாக விழும்.

ஆனால் எல்லோருக்கும் கவசம் தேவையில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்த வரலாற்றுப் பதிவாளர் ழான் தெ வாவ்ரான், ஆங்கில வில்லாளர்களில் பெரும்பாலோர் கவசமின்றி, காலுறை தளர்ந்து, சிலர் வெறுங்காலுடனும் வெறுந்தலையுடனும் நின்றதாக எழுதியிருக்கிறார். அதற்குச் சற்று முன் பிரெஞ்சுத் துறைமுக நகரான ஹார்ஃப்ளூரை முற்றுகையிட்டபோது வயிற்றுக்கடுப்பால் வதைபட்ட படை அது. ஆகவே காலுறைகளைச் சுரண்டி வழவழப்பாக்கி, முழங்காலடியில் மெல்லிய புட்டிச் சுருளை ஒட்டுங்கள். என் பார்வையில் படைக்கு உயிர் தரும் மாற்றம் அதுதான்.

மறுமொழி 2
வண்ணத்தைப் பொறுத்தவரை, பெட்டியின் மேல் காணப்படும் பிரபுக்களின் சீருடை நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் புனித ஜார்ஜின் செஞ்சிலுவை அணிய வேண்டும் என்பது அரசரின் ஆணை. மற்ற உடைகளுக்கு அக்காலச் சாயங்களை நினைவில் கொள்ளுங்கள்: வோட் செடி தந்தது நம் அவுரியில் உள்ள அதே நீலம், மேடர் வேர் நம் மஞ்சிட்டிக்கு உறவு. இவற்றுடன் வெல்டு செடியின் மஞ்சளும் சாயமிடாத கம்பளியின் சாம்பலும் போதும். ஒவ்வொரு வண்ணத்திலும் சிறிது சாம்பல் பழுப்பைக் கலந்தால், பலமுறை துவைத்து வெளுத்த துணியின் தோற்றம் கிடைக்கும்.

மறுமொழி 3
குதிரைப்படையைத் தடுக்க வில்லாளர்கள் தங்கள் முன் நட்ட, இருமுனையும் கூரான ஆறடிக் கழிகளை மறந்துவிட வேண்டாம். பல்குச்சியைப் பாதியாக வெட்டி, மறுமுனையையும் சீவினால் அளவு சரியாக வரும். உழுது கோதுமை விதைத்த நிலத்தில் இரவு முழுவதும் மழை பெய்திருந்தது என்பதால், முழங்கால் வரை ஈரச்சேற்றின் அடர்பழுப்பைத் தேய்ந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள்.