டீப்லேப்கட்டில் மாட்டின் இடது, வலது பின்னங்கால் இடம் மாறுகிறது: உதவி வேண்டும்

வணக்கம். பாகூர் பக்கம் ஒரு மாட்டுப்பண்ணையில், நொண்டும் ஜெர்சி கலப்பினப் பசுக்களின் நடையை அளந்துகொண்டிருக்கிறேன். உடம்பில் மார்க்கர் எதையும் ஒட்டாமல், வீடியோ மட்டும்; அதில் உடல் புள்ளிகளைத் தானாகப் பின்தொடரும் டீப்லேப்கட் மென்பொருளில்தான் வேலை. மூன்று வாரமாக ஒரே சிக்கலில் நிற்கிறேன்.

பக்கவாட்டிலிருந்து ஒரே கேமரா, நொடிக்கு 60 ஃபிரேம், காலை ஏழு மணி வெளிச்சம். டீப்லேப்கட் 2.3, அதில் ரெஸ்நெட்-50 நியூரல் நெட்வொர்க், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. ஒரு மாட்டுக்கு 14 புள்ளிகள்.

முதுகு, தலை, முன்னங்கால் எல்லாம் அருமை. பின்னங்கால்கள் ஒன்றையொன்று தாண்டும் அந்த நாலைந்து ஃபிரேமில்தான் வம்பு: இடது குளம்பின் புள்ளி வலது குளம்புக்குத் தாவி, அடுத்த அடி முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அப்போதும் லைக்லிஹுட் (புள்ளி சரி என்று மென்பொருள் தரும் நம்பிக்கை மதிப்பு, 0 முதல் 1 வரை) 0.9-க்கு மேல்! அதனால் பிகட்ஆஃபை (இதற்குக் கீழே போகும் புள்ளிகளை ஒதுக்கும் வரம்பு) 0.6-லிருந்து ஏற்றியும் பயனில்லை.

டிரெயின் செய்ய 180 ஃபிரேமில் கையால் புள்ளி வைத்து லேபிள் செய்திருந்தேன். தவறிய ஃபிரேம்களைப் பிரித்தெடுத்துத் திருத்தி, 320 ஆக்கி மறுபடி டிரெயின் செய்தேன். மீடியன் ஃபில்டர் (அக்கம்பக்க ஃபிரேம்களின் நடுமதிப்பை எடுப்பது) ஒற்றை ஃபிரேம் தாவலை மட்டும் துடைக்கிறது. டிரெயின் செய்யும்போது படங்களை இடவலமாகத் திருப்பும் ஆக்மென்டேஷன் அணைத்தே இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

பண்ணைக்காரர், "ஒரு கால்ல மஞ்சள் பூசி விடட்டுமா தம்பி?" என்றார். மார்க்கரே வேண்டாம் என்றுதானே வந்தோம் என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

சரி, கேள்வி இதுதான்: கால்கள் தாண்டும் ஃபிரேம்களில் மறைந்த தூரத்துக் காலை லேபிள் செய்யாமல் விடுவதா, உத்தேசமாகப் புள்ளி வைப்பதா? நான் இதுவரை உத்தேசமாகத்தான் வைத்திருக்கிறேன்.