ஒரு காது மட்டும் அடைப்பு: நிபுணரை எப்போது பார்ப்பது?

கேள்வி: வணக்கம். என் தந்தைக்கு வயது 68. சளி நீங்கிய பின்னரும் வலக்காது ஒரு மாதமாக அடைத்தே இருக்கிறது. காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் நேரடியாகச் செல்லலாமா?

பதில் 1: சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்துடன் சென்றால் பொது மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் கிடைக்கும்.

பதில் 2: அன்பரே, பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் தங்கி நீங்காதிருந்தால், மூக்கின் பின்புறத்தையும் நிபுணர் குழாய்க் கருவியால் பார்ப்பது அவசியம், ஏனெனில் தென்சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் தெரியவருகிறது. பெரும்பாலும் காரணம் சாதாரணமானதே; ஆயினும் கழுத்தில் கட்டியோ சளியில் இரத்தமோ இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 3: கேட்கும் திறன் திடீரெனக் குறைந்திருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.